சொல்பேச்சு கேளாத கார்

“சார், லாரி!” என்றார் அருணகிரி.

நந்தகோபாலும் அந்த லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அதன் பாட்டுக்கு வலது பக்கம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதை உரசப் போனது இவருடைய கார்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தார். கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரேயடியாக இடது பக்கம் பாய்ந்து, சாலையோரம் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவரை எழுந்து நிற்க வைத்துவிட்டு, மறுபடி வலது பக்கம் போயிற்று.

மாதனூர் தாண்டியதிலிருந்து இந்தக் கூத்துதான். புதிதாகத் தார் போடுவதற்காக ரோட்டின் மேல்தோலைச் சுரண்டி விட்டிருந்தார்கள். சீப்பால் வாரிவிட்ட மாதிரி ரோடு நெடுகக் கோடு கோடாய்ப் பள்ளம். மற்ற வண்டிகளெல்லாம் அதன் மேல் கடகடவென்று சத்தம் போட்டபடி நேராகத்தான் போயின. நந்தகோபாலின் கார் மட்டும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும். அது சலித்துப்போனதும் பக்கத்துக் கோட்டுக்குத் தாவும்.

வேறு நாளாக இருந்திருந்தால் இறங்கி நின்றிருப்பார். இன்று முடியாது. முன் சீட்டில் இருப்பவர் குடியாத்தத்தில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிற அருணகிரி. பின் சீட்டில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருவது அவர் மனைவி தனகோடி. அந்த அம்மாள் தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குவது அவர்கள் மகன் ராகுல். நந்தகோபாலின் ஒரே பெண் சௌமியாவைப் பெண் பார்த்துவிட்டு, ஆம்பூரிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வந்தது என்னவோ ரயிலில்தான். “ரயில்ல எதுக்குங்க? நம்ம வண்டி சும்மாதானே நிக்குது, நானே கொண்டாந்து விட்டுர்றேன்” என்று வலியப் போய் ஏற்றிக்கொண்டவர் இவர்.

“ஸ்டியரிங் கொஞ்சம் இழுக்குதுங்க” என்றார், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு.

“பரவால்ல சார். மெதுவாவே போங்க. நமக்கு இன்னா அவசரம்?”

அப்போது பக்கவாட்டில் ஒரு டவுன் பஸ் வந்தது. அதன் மீது சாய்வதா வேண்டாமா என்று கார் தடுமாறியது. கண்டக்டர் படியில் இறங்கி நின்று, காற்றையும் மீறிக் கத்தினார்.

“யோவ்! குடிச்சா வூட்ல போய்ப் படுக்க வேண்டியதுதானே? ரோட்ல வந்து ஏன்யா பேஜார் பண்றே?”

காருக்குள் தனகோடியின் முணுமுணுப்பு கூட நின்றுவிட்டது.

“எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க” என்றார் நந்தகோபால்.

சொன்ன பிறகுதான் யாருமே கேட்கவில்லை என்பது உறைத்தது. குடிக்கிறவர்கள் எல்லோரும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்பது அதற்கப்புறம் உறைத்தது.

அருணகிரி மெல்ல மூக்கை உறிஞ்சினார். “வாயில இன்னா சார், கிராம்பா?”

“பல்வலிங்க. அதுக்காக அடக்கி வச்சிருக்கேன்.”

“ம்” என்றார் அருணகிரி.

அந்த ஒரு ‘ம்’மைத் தூக்கிக்கொண்டு குடியாத்தம் வரைக்கும் ஓட்ட வேண்டியிருந்தது. தீபாவளிக்குக் கம்பெனியில் பார்ட்டி வைத்தால்கூடப் பன்னீர் சோடாவோடு ஓரமாக நின்றுவிட்டு வருகிற மனிதர் அவர்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அருணகிரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ‘சார்’ போட்டவர், குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி” என்றார். “ஒடம்பைப் பாத்துக்குங்க. எல்லார் வீட்லயும் இருக்கறதுதான். நாங்க ஒண்ணும் தப்பா எடுத்துக்கல.”

அந்தப் பெருந்தன்மை நந்தகோபாலைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ராகுல் இறங்கி, இருந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தள்ளாடினாற்போல் உள்ளே போனான். பாவம், தூக்கக் கலக்கம். பெண் பார்க்க வந்த இடத்திலும் வாயே திறக்கவில்லை. அவ்வளவு சாது.

திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கலையரசி வாசலுக்கே ஓடி வந்தாள். “இன்னாங்க, அதுக்குள்ள போன் பண்ணிட்டாங்க! சம்மதமாம். பொண்ணை ரொம்பப் புடிச்சிருக்காம். உங்களை அதைவிடப் புடிச்சிருக்காம்!”

“என்னையா?”

“உங்களைத்தான். ‘நம்மாளு மாதிரி இருக்காரு’ன்னாராம் அவரு. அப்டி இன்னாங்க பேசினீங்க வழியில?”

நந்தகோபால் குளிக்கப் போய்விட்டார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதும் கண்டக்டர் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குடிகாரனின் மகள் என்று தெரிந்தும் பெண் எடுக்கிறார்களே, என்ன மனுஷர்கள்! அவர்கள் முன்னால் காலத்துக்கும் குனிந்த தலையோடு நிற்க வேண்டுமா? கூடாது. நிச்சயதார்த்தத்துக்குள் காரைச் சரிசெய்து, அதே ரோட்டில், அதே அருணகிரியை உட்கார வைத்து, அம்பு மாதிரி நேராக ஓட்டிக் காட்ட வேண்டும்.

பைபாஸில் ஜெயசீலன் என்கிறவர் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். காரைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “டயர் சூப்பர் சார்!”

அந்த அவமானத்துக்கு நடுவிலும் நந்தகோபாலுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் காரை மெருகேற்றியபோது, கூடவே பழைய டயர்களைக் கழற்றிவிட்டு அகலமாய், பெரிய பெரிய பட்டையாய் நான்கு டயர் மாட்டியிருந்தார். சின்னக் கார் திடீரென்று மார்பை நிமிர்த்தி நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. ‘சர்வீஸ்ல அவங்களே மாத்தினாங்க’ என்று வீட்டில் பூசி மெழுகிவிட்டார்.

ஜெயசீலன் சக்கரத்துக்குச் சக்கரம் கருவி மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினார். எல்லாமே பச்சை.

“அலைன்மென்ட்டு கரெக்டா கீது சார்.”

“அப்போ ஏன்யா அலையுது?”

“காத்து கம்மியா இருக்கும்” என்று சொல்லி, நான்கு டயரிலும் திம்மென்று காற்றடித்து அனுப்பினார்.

இதற்கு முன் கார் ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிக்கொண்டிருந்தது. இப்போது துள்ளிக் குதித்தது. திரும்பிப் போய்ச் சொன்னதும், “அப்போ ஸ்டியரிங்ல லூசு” என்று அடியில் படுத்து எதையெதையோ இறுக்கினார். அதன் பிறகு ஸ்டியரிங் அம்மிக்கல் மாதிரி ஆயிற்று. கார் குதிப்பதை மட்டும் விடவில்லை. முன்பு ஒரு கையால் இழுத்தது போய், இப்போது இரண்டு கையாலும் தொங்கி, வியர்த்து வழிந்து, கண் சிவந்து ஓட்ட வேண்டியிருந்தது.

அப்படிச் சிவந்த கண்ணோடுதான் பள்ளிகொண்டா பக்கத்தில் போலீஸ் சோதனையில் போய் நின்றார்.

“ஊதுங்க” என்றார் ஏட்டு.

ஊதினார். சைபர்.

“நல்லா தம் புடிச்சு ஊதுங்க.”

மறுபடி சைபர். ஏட்டு கருவியைத் தட்டிப் பார்த்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார். சந்தேகம் தீராமல் தாமே ஒருமுறை ஊதிப் பார்த்தார்.

“மெஷின் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் சரியில்ல” என்றார். “அரை கிலோமீட்டரா பாத்துட்டு இருக்கேன், பாம்பு மாதிரி வர்றீங்க. இன்னா சாப்டீங்க?”

“தயிர் சாதம் சார். வண்டிதான் சார் கோட்டைப் புடிச்சிக்கினு போவுது.”

“எந்தக் கோட்டை? வேலூர்க் கோட்டையா?”

“ரோட்ல கீறி விட்டிருக்காங்களே சார், அந்தக் கோடு…”

ஏட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “குடிக்காமலே இப்டி ஓட்றீங்க. தயவு செஞ்சு குடிச்சிராதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவை ஊதிட்டுப் போங்க, என் திருப்திக்கு.”

அந்த ஒரு தடவை கன்னம் உப்ப அவர் ஊதிக்கொண்டிருந்தபோதுதான், அவருடைய கம்பெனிப் பஸ் அந்த வழியாக வந்து, நெரிசலில் சிக்கி, சரியாக அவர் எதிரிலேயே நின்றது. ஷூ மேல்பாகம் தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்கள். அவர் அந்தக் கம்பெனியில் தரப் பரிசோதனை சூப்பர்வைசர். ஒரு தையல் கோணினாலும் “ரிஜெக்ட்!” என்று சொல்லி ஷூவைத் தனியே வைக்கிறவர். இன்று பஸ் முழுக்க அவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவர் மேஜை மேல் ஒரு பாட்டில் எலுமிச்சைச் சாறு இருந்தது. பக்கத்தில் மரியம்மாள் நின்றாள். லைனில் மூத்த தையல்காரி.

“காலைல இதைக் குடிச்சா தெளிஞ்சிரும் சார்.”

“மரியம்மா, நான் குடிக்கிறதில்ல.”

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வாரு சார். மொதல்ல ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பாதி சரியாய்ரும்னு எங்க பாஸ்டர் சொல்றாரு. உங்களுக்காக ஜெபத்துல பேரு குடுத்திருக்கேன்.”

“நிஜமாவே நான்…”

“அளுவாதீங்க சார்” என்றாள் மரியம்மாள். அவள் கண்தான் கலங்கியிருந்தது.

கம்பெனியிலும் சும்மா விடவில்லை. ஊழியர் நலனுக்காக அந்த வாரம் நடந்த குடிநோய்க் கூட்டத்துக்கு அவரையும் மரியாதையோடு அழைத்துப் போய் நடத்துகிறவர் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். போகாமல் இருந்தால் தப்பாகிவிடும், போனாலும் தப்பு. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுந்து பேச வேண்டும். நந்தகோபால் முறை வந்தது. எழுந்து, தெளிவாக, அழுத்தந்திருத்தமாக, “நான் குடிக்கிறதில்லை” என்றார்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. “பார்த்தீங்களா? இன்னிக்கே, இந்த நிமிஷமே விட்டுட்டாரு!” என்றார் நடத்தியவர். ஒருவர் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மேல் அடித்த வாசனை அன்று முழுக்க நந்தகோபாலின் சட்டையில் தங்கிவிட்டது.

சாயங்காலம் கலையரசி கதவைத் திறந்தவள், சட்டையை முகர்ந்து பார்த்தாள். உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளே முகர்ந்து பார்க்கிறாளே! அவளை உட்கார வைத்து, டவுன் பஸ் கண்டக்டரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

கலையரசி நம்பினாள். ஆனால் அவள் நம்பியது வேறு மாதிரி. “யாரோ கண்ணு வச்சிட்டாங்க. விரிஞ்சிபுரம் போய் பூஜை போட்டுட்டு வந்துருவோம். வழித்துணைக்குன்னே இருக்கற சாமி. அவரே பாத்துக்கட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை போனார்கள். குருக்கள் காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார். எலுமிச்சம்பழம் நசுங்கிய அழகைப் பார்த்து, “டயர் நல்ல அகலம்” என்று அவரும் பாராட்டினார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் கோடு போட்ட இடம் வந்தது. நந்தகோபால் நெற்றி நிறைய விபூதியோடு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கார் ஒரு கோட்டைப் பிடித்தது. அந்தக் கோடு சர்வீஸ் ரோட்டுப் பக்கம் பிரிந்தது. கார் அதையே நம்பிப் பிரிந்தது. அம்மிக்கல் ஸ்டியரிங்கோடு அவர் மல்லுக்கட்டி, பிரேக் போட்டு நிறுத்திய இடத்தில் தலை நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒயின் ஷாப்.

அங்கே வரிசையில் நின்றவர்கள் மாலை போட்ட காரைப் பார்த்து வழி விட்டார்கள். “பூஜை போட்ட வண்டிப்பா, மொதல்ல அவரு வாங்கட்டும்!” என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

கலையரசி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அருணகிரி.

“சம்பந்தி, எங்க இருக்கீங்க? எங்க மச்சான் ஒருத்தர் அந்த வழியா வந்தாரு. உங்க வண்டியை… அங்க… பாத்தேன்னு போன் பண்ணாரு.”

நந்தகோபால் இழுத்தார். “அது வந்துங்க… வண்டி தானா…”

“ஐயோ, இருக்கட்டும் சம்பந்தி! நாங்க கேக்கவே இல்லையே? நிச்சயதார்த்தத்தை எதுக்குத் தள்ளிப் போடணும், வர்ற வெள்ளிக்கிழமையே வச்சுக்கலாமான்னுதான் கேக்க வந்தேன். எங்களுக்கு முழுத் திருப்தி!”

போனை வைத்ததும் நந்தகோபால் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஹாரன் நீளமாக அடித்தது. வரிசையில் நின்றவர்கள் மறுபடியும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

வீட்டில் சௌமியா எல்லாவற்றையும் கேட்டாள். பாகாயத்தில் பிசியோதெரபி படித்துவிட்டு, வேலூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறவள். நோயாளியிடம் பேசுகிற நிதானத்தோடு அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

“நம்ம தெருவுல ஓட்டினா அலையுதாப்பா?”

“இல்லம்மா. பட்டு மாதிரி போவுது.”

“கோடு போட்ட ரோட்ல மட்டும்தான்?”

“ஆமா.”

“மத்த வண்டியெல்லாம் அதே கோட்ல நேராத்தான் போவுது?”

“அதான்டா மானம் போவுது.”

“போன வருஷம் இதே மாதிரி வாணியம்பாடி பக்கம் ரோட்டைச் சுரண்டி விட்டிருந்தாங்களே, அப்போ நம்ம வண்டி அலைஞ்சுதா?”

நந்தகோபால் யோசித்தார். “இல்ல.”

“அப்போ அதுக்கப்புறம் புதுசா இன்னா மாத்தினீங்க?”

அவர் விரல் நகத்தைப் பார்த்தார்.

“எங்ககிட்ட ஒருத்தர் நடை கோணலா இருக்குன்னு வந்தா, காலைத் தொடறதுக்கு முன்னாடி செருப்பைத்தான் கழட்டிப் பார்ப்போம்ப்பா” என்றாள் சௌமியா.

செருப்பு! நந்தகோபால் எழுந்து வாசலுக்குப் போனார். கார் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் ஷூவின் அடிப்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண். கம்பெனியில் இதே மாதிரி அகலமாய், நீளவாக்கில் வரி ஓடிய சோல் ஒன்று வந்து, பலகை இடுக்கிலெல்லாம் சிக்கி வழிமாற்றுகிறது என்று அவரே ‘ரிஜெக்ட்’ போட்டிருக்கிறார். இதோ, அதே நெடுக்கு வரி, நான்கு சக்கரத்திலும். ரோட்டின் கோட்டுக்குள் டயரின் வரி கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. பட்டை அகலமாக இருப்பதால் ஒன்றை விட்டால் இன்னொன்று மாட்டுகிறது. காற்றை வேறு திம்மென்று அடித்தாயிற்று, வளைந்து கொடுக்க வழியில்லை. ஸ்டியரிங்கை இறுக்கியது, எலுமிச்சம்பழம் வைத்தது எல்லாம் தண்டம்.

கலையரசி வாசலில் வந்து நின்றாள். “சர்வீஸ்ல அவங்களே மாத்தினாங்கன்னீங்களே?”

“நான்தான் மாத்தச் சொன்னேன்” என்றார் டயரைப் பார்த்துக்கொண்டே. “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப வண்டி கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு.”

“டயரைப் பாத்தா பொண்ணு எடுப்பாங்க?” என்றாள் கலையரசி.

இத்தனை நாளும் அவர் ரோட்டைத் திட்டினார், ஜெயசீலனைத் திட்டினார், கண்ணு வைத்தவர்களைத் திட்டினார். மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு தரம் கூடப் பார்க்கவில்லை. பார்த்தபோதெல்லாம் அழகைத்தான் பார்த்தார்.

பழைய டயர்கள் மொட்டை மாடியில் இருந்தன. கலையரசி அவற்றில் புதினா போட்டிருந்தாள். செடியைப் பிடுங்கும்போது அவள் விட்ட பெருமூச்சு கீழ் வீடு வரைக்கும் கேட்டது. ஜெயசீலன் மனசில்லாமல்தான் மாற்றிக் கொடுத்தார். “ஷோவே போய்ட்ச்சு சார்” என்றார். ஸ்டியரிங்கையும் பழையபடி தளர்த்தச் சொல்லி வாங்கிக்கொண்டு, நந்தகோபால் நேரே மாதனூருக்கு ஓட்டினார்.

கோடு வந்தது. கடகடவென்று சத்தம் வந்தது. கார் நேராகப் போயிற்று. ஒரு விரலால் ஓட்டினார். அப்போதும் நேராகப் போயிற்று. கண்ணில் நீர் கட்டி ரோடு மங்கலாகத் தெரிந்தது. அப்போதும் நேராகத்தான் போயிற்று.

“நான் நாளைக்கே குடியாத்தம் போறேன்” என்றார் வீட்டுக்கு வந்ததும். “நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும். என்னைக் குடிகாரன்னு நெனைச்சும் பெருந்தன்மையாப் பொண்ணு எடுக்கறாங்க. ஒரு பொய்யை வச்சுக்கிட்டு நீ அங்க மருமவளாப் போகக் கூடாது.”

“போங்கப்பா” என்றாள் சௌமியா. “சொல்லிட்டு அவங்க மூஞ்சியைப் பாத்துட்டு வாங்க. நான் சம்மதம்னு இன்னும் சொல்லல. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசினா சொல்லலாம்னு இருந்தேன்.”

மறுநாள் கலையரசியையும் கூட்டிக்கொண்டு, அகல டயர் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். குடியாத்தத்தில் தெருவே தறிச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. டயரை உருட்டிக்கொண்டு ஒருவர் சம்பந்தி வீட்டுக்குள் நுழைவதை எதிர்வீட்டுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“வாங்க சம்பந்தி, வாங்க!” அருணகிரி எழுந்து நின்றார். “இது… இன்னாங்க?”

“சொல்றேங்க. ஒரு லுங்கி குடுங்க. கோடு போட்டதா.”

அந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. நந்தகோபால் கோடு போட்ட லுங்கியைக் கூடத்தில் நீளமாக விரித்தார். “இது ரோடுன்னு வச்சுக்குங்க” என்று சொல்லி, டயரை அதன் மேல் நிறுத்தி, வரியையும் கோட்டையும் விரலால் தொட்டுக் காட்டி, தவழ்ந்துகொண்டே லுங்கியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் உருட்டினார். தனகோடி காபித் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆகக்கூடி டயராலதான் வண்டி அலைஞ்சுது. நான் குடிச்சிட்டு ஓட்டல. இதைச் சொல்லாம எனக்குச் சோறு எறங்கல.”

அருணகிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுசாக வரவில்லை. “வுடுங்க சம்பந்தி. அன்னிக்குக் குடிக்கல, சரி. அதனால இன்னா இப்போ? மத்த நாள்ல எப்பயாச்சும் கொஞ்சம்…”

“எப்பயுமே கெடையாதுங்க.”

“பண்டிகை நாள்ல?”

“பன்னீர் சோடாதாங்க.”

“பீர் கூடவா இல்ல?” அருணகிரியின் குரல் இறங்கிவிட்டது. “அப்போ அந்த ஒயின் ஷாப்பு?”

“அது கோடு போன வழிங்க. போலீஸே ஊத வச்சுப் பாத்துட்டாங்க, எத்தனை தடவை ஊதினாலும் சைபர்தான்.”

இவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லையே என்று நந்தகோபாலுக்குத் தவிப்பாக இருந்தது. நம்பவில்லை போலிருக்கிறது. மனைவியைப் பார்த்தார். கலையரசி உடனே கைகொடுத்தாள்.

“சத்தியமா சொல்றேங்க. இவங்க வழியிலயும் சரி, எங்கப்பா வழியிலயும் சரி, ஒருத்தரும் தொட்டதில்ல. எங்க சௌமியாவுக்கு அந்த வாசனை தெருவுல வந்தாலே ஆகாது, மூஞ்சிக்கு நேராவே கேட்டுருவா.”

அருணகிரி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூடியிருந்த உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஏதோ கண்ணாடிப் பாட்டில் உருண்டு போகிற சத்தம் கேட்டது.

தனகோடி காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கணவர் பக்கம் திரும்பி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“குடிக்கிற மனுஷன் வூடு, நம்ம ராகுலை அங்க யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்கன்னு சொல்லித்தானேங்க, வேணாம் வேணாம்னு சொன்ன என்னைச் சம்மதிக்க வச்சீங்க!”